அண்ணன் என்று கூப்பிட மாட்டேன்

அப்பா கத்தரிக்கோலை எடுத்தபோது அக்கா அழவில்லை. நான்தான் அழுதேன். பயத்தில் இல்லை, பாசத்திலும் இல்லை. வயிற்றெரிச்சலில்.

கிணற்றடியில் முக்காலியைப் போட்டு அக்காவை உட்கார வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல் அவளுக்கு. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். மாட்டுக்கு வால்முடி கத்தரிக்கிற கத்தரிக்கோல் அது, மொண்ணை. வெட்டாமல் மென்றது. பின்னல் தனியாகக் கையோடு வந்ததும், அதை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா மடியில் போட்டுக்கொண்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா தலையைத் தடவிப் பார்த்தாள்.

“காத்து நல்லா வருதுப்பா” என்றாள்.

அப்பாவின் பழைய காக்கிச் சட்டை, காக்கிக் கால்சட்டை, இடுப்புக்கு ஒரு கயிறு. மாட்டிக்கொண்டு அவள் எழுந்து நின்றபோது, சத்தியமாகச் சொல்கிறேன், பதினைந்து வயதுப் பையன் ஒருவன்தான் நின்றான்.

“எனக்கும் வெட்டுங்கப்பா” என்றேன்.

“உனக்கெதுக்குடி? நீயே ஒரு நண்டு. உன்னை எவன் பாக்கப் போறான்?” என்றார் அம்மா.

அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்குள் கிடக்கிறது.

வாசகி கேட்ட கேள்வி

எங்கள் மாட்டுக் கொட்டகையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். “பசுவுக்கெல்லாம் பெயர் சொல்லி எழுதுகிறீர்கள், உங்கள் அக்காவைப் பற்றி மட்டும் ஒரு வரியும் எழுத மாட்டேன் என்கிறீர்களே, சண்டையா?” என்று.

சண்டையில்லை அம்மா. அவள் இருந்தவரை எழுதக் கை வரவில்லை. அவள் போய் ஆறு மாதம் ஆகிறது. இப்போது எழுதிவிடுகிறேன். எழுதாமல் நானும் போய்ச் சேர்ந்துவிட்டால் என்னைப் பற்றி ஊர் நல்லதாகவே பேசிக்கொண்டிருக்கும். அது நியாயமில்லை.

அக்கா பெயர் முத்துலட்சுமி. நான் பாக்கியம். நடுவில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆண்பிள்ளை கிடையாது. மலாக்காவில், காஜா பெராங்கில், செட்டிக் கம்போங் என்ற குடியிருப்புக்குப் பின்னால் எங்கள் வீடு. ஐந்து பசு. அப்பா சைக்கிளில் டவுன் முழுக்கப் பால் ஊற்றுவார்.

சப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரன் போன வழி தெரியவில்லை. பெண்பிள்ளை வைத்திருந்த வீடுகளிலெல்லாம் பகலிலும் கதவைத் தாழ் போட்டார்கள். சிலர் பெண்களின் முகத்தில் கரியைப் பூசினார்கள். சிலர் கிடைத்த மாப்பிள்ளைக்குக் கட்டிவைத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அப்பாவுக்குக் காலில் புண் வந்தது. அரிசி இல்லாமல் மரவள்ளிக்கிழங்கையே தின்ற அந்தக் காலத்தில் பலருக்கும் வந்த புண்தான். பப்பாளி இலை வைத்துக் கட்டினார்கள், என்னென்னவோ செய்தார்கள், ஆறவில்லை. சைக்கிள் மிதிக்க முடியாது. பால் போகாவிட்டால் வீட்டில் உலை இல்லை.

ஆகவே முத்துலட்சுமியை வெட்டி முத்துவாக்கினார்கள். வெளியே தெரியாமல் வைக்க வேண்டிய பெண்ணை வெளியிலேயே அனுப்பி மறைத்தார்கள். அப்பாவின் யோசனை அது. நல்ல யோசனைதான், ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

மாட்டுக்குத் தெரியாத நேரம்

இங்கே கொஞ்சம் வேறு பேச்சு. சப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தையும் அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பிவிட்டான். பொழுது விடிவதற்கு வெகு முன்னாலேயே மணி ஆறு என்பான். ஆபீஸ் பங்களாவில் அந்த ஆறு மணிக்குப் பால் வேண்டும். மனிதன் பயந்து எழுந்துகொள்வான், மாடு எழுந்துகொள்ளுமா? அப்பா ஒவ்வொரு நாளும் மடியைத் தட்டித் தட்டி, “ஆத்தா, கொஞ்சம் விடு ஆத்தா, அவன் ஊருல விடிஞ்சிடுச்சாம்” என்று கெஞ்சுவார்.

அக்கா வந்து உட்கார்ந்தால் மட்டும் மாடு விட்டுவிடும். பாருங்கள், மாடுகூட அவள் பக்கம்தான்.

பிறகு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு புறப்படுவாள். சைக்கிளுக்கு டயர் கிடைக்காத காலம். சக்கரத்தில் தண்ணீர்க் குழாய் ரப்பரைச் சுற்றியிருந்தது. கடகடவென்று அது சடக்கில், அதாவது ரோட்டில், போகும் சத்தம் கேட்டால் நான் காதைப் பொத்திக்கொள்வேன். அவள் பசார் வரை போவாள். கடலைப் பார்ப்பாள். காவல் நிற்கிற சப்பான்காரனுக்கு இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டுவிட்டு நிமிர்ந்து போவாள். நடுப்பகலில் திரும்பி வந்து கதை சொல்வாள். நான் கொல்லையில் குந்திச் சாம்பல் போட்டு அந்தக் கேன்களைத் தேய்ப்பேன். அதுதான் என் உத்தியோகம்.

எனக்குக் கோணிச்சாக்கில் தைத்த கவுன். உட்கார்ந்தால் தொடை அரிக்கும்.

பார்த்துக் கத்துக்கோ

இந்தப் பொறாமை சப்பான்காரன் கொண்டுவந்தது இல்லை. அதற்கும் முன்னாலேயே எனக்கு இருந்தது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்த முதல் நாளே வாத்தியார் கேட்டார்: “நீ முத்துலட்சுமி தங்கச்சியா? அப்போ கணக்கு நல்லா வரணுமே.” வரவில்லை. கோலம் போட்டால் அவள் கோலம். தேவாரம் சொன்னால் அவள் குரல். அம்மாவுக்கு ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும்: “அக்காவைப் பாத்துக் கத்துக்கோ.” சோற்றைச் சிந்தினாலும் அதுதான், தலை வாராவிட்டாலும் அதுதான்.

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் எப்படி நடக்கிறாள், எப்படிச் சிரிக்கும்போது வாயை மூடுகிறாள், எல்லாம் எனக்கு மனப்பாடம். அவளைப் போல ஆகவேண்டும் என்று ஆசை. அவள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எல்லார் முன்னாலும் கீழே விழ வேண்டும் என்றும் ஆசை. இரண்டும் ஒரே நெஞ்சில்தான் இருந்தன.

முடி வெட்டிய அன்றைக்கு அம்மா எனக்கு ஒரு பாடம் நடத்தினார்.

“இனிமே அவ உனக்கு அண்ணன். வீட்டுக்குள்ளயும் அண்ணன், வெளியிலயும் அண்ணன். எங்கே, கூப்பிடு பார்ப்போம்.”

“மாட்டேன்.”

“ஒரு தடவை சொல்லுடி. உன் வாய் தவறிச்சுன்னா அவ உசுரு போயிடும்.”

“தலையை வெட்டினாலும் சொல்ல மாட்டேன்.”

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. அப்படியும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளை “ஏய்” என்றும் “இந்தா” என்றும் கூப்பிட ஆரம்பித்தேன்.

பக்கத்து வீட்டில் செட்டிக் கம்போங்கைச் சேர்ந்த ஓர் அம்மாள் இருந்தார். நாங்கள் மாக்சிக், அதாவது மலாயில் அத்தை, என்று கூப்பிடுவோம். மலாய்க்காரிபோலச் சாரோங் கபாயா உடுப்பு, நெற்றியில் பட்டையாகத் திருநீறு. மாரியம்மனுக்கு விரதம் பிடிப்பார். பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் தங்கிவிட்ட தமிழர் வம்சம், ஆனால் தமிழ் வராது, எல்லாம் மலாய்தான். ரகசியம் தெரிந்த ஒரே வெளி ஆள் அவர்தான். வேலிக்கு மேலே தலையை நீட்டி, “அபாங் முத்து!” என்று வாய் நிறையக் கூப்பிடுவார். அபாங் என்றால் அண்ணன். யாரோ ஒருத்தருக்கு அது சுலபமாக வந்தது. எனக்கு வரவில்லை.

லோரி

ஒருநாள் உச்சிவெயில். கேன் வரவில்லை. சந்து முனையில் நின்று நின்று கால் கடுத்துப்போய், திட்டிக்கொண்டே பெரிய சடக்கு வரை நடந்தேன்.

முச்சந்தியில் ஒரு லோரி நின்றது. ஒரு சப்பான்காரன் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான். மேசை போட்டுத் தமிழ்க் கிராணியார் ஒருவர் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். எதிரே பத்துப் பதினைந்து ஆண்கள் வரிசையாக நின்றார்கள். சயாமில் ரயில் சடக்குப் போட ஆள் எடுக்கிறார்கள், மூன்று மாதம், நல்ல சாப்பாடு என்று அதற்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அங்கே போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சேதி. அன்றைக்கு எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரிந்தது இதுதான்: பெயர் கொடுத்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிப்புப் புதுத்துணி வைத்தார்கள். கூடவே ஒரு சர்க்கரைப் பொட்டலம்.

புதுத்துணி! அந்தக் காலத்தில் பிணத்துக்குக்கூடக் கோடி கிடைக்கவில்லை. கஞ்சி மணம் மாறாத வெள்ளைத் துணி. வெயிலில் கண் கூசியது.

அக்கா அந்த வரிசையில் நின்றாள். அவள் கையில் துணி இருந்தது, காலடியில் சைக்கிள் கிடந்தது.

என்னைப் பார்த்துவிட்டாள். ‘போ, போ’ என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எனக்கு அது எப்படித் தெரிந்தது தெரியுமா? ‘உனக்கு இல்லை, போடி’ என்று தெரிந்தது. கிராப்பும் அவளுக்கு, சைக்கிளும் அவளுக்கு, கடலும் அவளுக்கு, இப்போது துணியும் சர்க்கரையும் அவளுக்கா? உள்ளே ஏதோ அறுந்தது.

“ஐயா! அது ஆம்பளை இல்லைங்கய்யா! அது எங்க அக்கா! முத்துலட்சுமி!”

ஒரு வருஷமாக வாயில் அடைத்து வைத்திருந்த ‘அக்கா’ முச்சந்தி முழுக்கக் கேட்டது.

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் தமிழர்கள். எல்லாருக்கும் புரிந்தது, யாரும் அக்கா பக்கம் திரும்பவில்லை. கிராணியாரின் பேனா நின்றது. சப்பான்காரன் மட்டும் பழத்தை மென்றுகொண்டே, என்ன சத்தம் என்று நிமிர்ந்து பார்த்தான்.

கிராணியார் எழுந்தார். விடுவிடுவென்று போய் அக்காவின் கன்னத்தில் பளார் என்று ஓர் அறை விட்டார். துணியைப் பிடுங்கிக்கொண்டார்.

“காய்ச்சலை மறைச்சுக்கிட்டு வந்து நிக்கிறியாடா, சோதாப் பயலே? வழியில செத்தா எவன்டா தூக்கிப் போடறது?” என்று கத்தினார். சப்பான்காரன் பக்கம் திரும்பி, “சாக்கிட், துவான், சாக்கிட்” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினார். நோயாளி, ஐயா என்று அர்த்தம். அவன் கையை வீசி, போகச் சொன்னான்.

கிராணியார் குனிந்து சைக்கிளை நிமிர்த்தி அவள் கையில் கொடுக்கிற சாக்கில் மெல்லச் சொன்னார்: “ஓடிடு தாயி. திரும்பிப் பாக்காதே.”

கெட்டிக்காரி

அக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். கிணற்றடிக்கு வந்து முகம் கழுவினாள். விரல் தடம் கன்னத்தில் சிவந்து கிடந்தது. அடிப்பாள் என்று நினைத்தேன்.

“ஏன்டி கத்துனே?”

“உன்னைப் புடிச்சிட்டுப் போறாங்களேன்னு...” என்றேன். புளுகு. நாக்குக் கூசாமல் வந்தது.

அவள் என்னைப் பார்த்தாள்.

“சரி” என்றாள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். “அவனுக்குத் தமிழ் தெரியாது, கிராணிக்குத் தெரியும்னு கணக்குப் போட்டுக் கத்தியிருக்கா பாருங்க. பதினோரு வயசுல எம்புட்டு மூளை!” என்று அப்பாவிடம் சொன்னார். அன்றைக்குப் பாலாடை எனக்கு. மாக்சிக் வேலியைச் சுற்றி வந்து என் இரண்டு கன்னத்தையும் முகர்ந்து முத்தம் கொடுத்தார். அக்காவை உள்ளறையில் உட்கார வைத்தார்கள். இனிமேல் பையன் வேஷம் வேண்டாம் என்று முடிவாயிற்று. நான் பாலாடையைத் தின்றேன். இனித்தது. பொய் சொல்லி வாங்கியது என்பதால் இனிப்புக் குறைந்துவிடவில்லை.

பத்து நாள் இருக்கும். காலையில் அப்பா காலுக்கு இலை மாற்றிக்கொண்டிருந்தார். லோரி வீட்டு வாசலுக்கே வந்தது. வீட்டுக்கு ஓர் ஆள் என்றார்கள். அம்மா காலில் விழுந்தார், புண்ணைக் காட்டினார். யார் கேட்டது? பாதி கட்டிய கட்டோடு அப்பாவை ஏற்றினார்கள்.

உள்ளறைக் கதவை அம்மா வெளியே தாழ் போட்டிருந்தார். அக்கா அதை உள்ளேயிருந்து அடித்த அடி எனக்கு நினைவிருக்கிறது. “திறங்கம்மா! நான் போறேன், திறங்க!” என்று கத்தினாள். அப்பாவைப் பிரியும் துக்கத்தில் உளறுகிறாள் என்று நினைத்தோம்.

அப்பா திரும்பவில்லை. சண்டை முடிந்தபின் திரும்பி வந்த ஒருவர், மழைக்கு முன்னால் ஒரு முகாமில் பார்த்ததாகவும், மழைக்குப் பிறகு பார்க்கவில்லை என்றும் சொன்னார். எங்களுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. அக்காவுக்கு முடி வளர்ந்தது. பத்து பெரெண்டாம் என்ற ஊரில் மனைவியை இழந்த ஒருவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் நல்ல இடம் அமைந்தது. அம்மா கடைசி மூச்சு வரை, கல்யாணம் காதுகுத்து எதுவானாலும் நாலு பேரைக் கூட்டி வைத்துச் சொல்வார்: “அவரைத்தான் பறிகொடுத்தேன். மூத்தவளையாவது எனக்குக் காப்பாத்திக் குடுத்தது இந்தப் பாக்கியம்தான். பாத்துக் கத்துக்கணும், இவளைப் பாத்து.”

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருப்பாள். ஒருநாளும் ஒரு வார்த்தை மறுத்ததில்லை. துணிக்காகக் கத்திய கதை என் ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நானும் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்துக்கொள்வேன்.

கிராணியார் சொன்னது

முப்பது வருஷம் கழித்து, அம்மாவும் போனபிறகு, கண் காட்டுவதற்காக ஆஸ்பத்திரியில் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு கிழவர். பேச்சு வாக்கில் எந்த ஊர் என்று கேட்டார். காஜா பெராங், பால்காரர் வீடு என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“லோரிகிட்ட கத்துன பொண்ணா நீ?”

குரலை வைத்துத்தான் எனக்கு ஆளைத் தெரிந்தது.

“உங்கக்காவுக்கு அன்னைக்கு என்ன அறை அறைஞ்சேன்! இன்னும் கை எரியுதும்மா” என்றார். “வீட்டுக்கு ஒரு ஆள்னு உங்கப்பா பேரு வந்திருச்சு. பங்களாவுக்குப் பால் ஊத்த வந்த பையன்கிட்ட நான்தான் ஓலையைக் குடுத்தேன். பையன்னுதானே நினைச்சேன். மறுநாளு வந்து நின்னுச்சு. ‘எங்கப்பாவால நடக்க முடியாதுங்க. வீட்டுல யாருக்கும் சொல்லலே. நான் போறேன், அவரு பேரை அடிச்சிருங்க’ன்னு சொல்லிச்சு. அடிச்சேன். முத்துன்னு எழுதுனேன். அப்புறம் நீ கத்துனே. பொம்பளைப் பிள்ளையை எப்படி ஏத்தி அனுப்புறது? அந்தப் பேரையும் அடிச்சேன். ஒரு பேரை அடிச்சா அந்த இடத்துக்கு ஒரு பேரு வேணும்மா. உங்கப்பா பேரைத் திரும்ப எழுதுனேன்.”

என் பெயரைக் கூப்பிட்டார்கள். நான் கண் காட்டாமலே எழுந்து வெளியே வந்து பத்து பெரெண்டாமுக்குப் பஸ் ஏறினேன்.

அக்கா சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்க்கா சொல்லலே?”

“எதை?”

“ஓலையை.”

கத்தி நின்றது. யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை.

“சொல்லி?” என்றாள்.

“நான் உன்னைக் காப்பாத்தக் கத்தலே. அந்தத் துணிக்காகக் கத்துனேன்.”

“தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“அன்னைக்கே. நீ என் மூஞ்சியைப் பாத்தா கத்துனே? துணியைப் பாத்துக் கத்துனே.”

“தெரிஞ்சுமா அம்மா என்னைக் கொண்டாடினப்பல்லாம் பேசாம உக்காந்திருந்தே?”

“அம்மாவுக்குப் புருஷன் போயிட்டாரு. நீயும் போகணுமா? நான் வாயைத் திறந்திருந்தா அவங்க அதுக்கப்புறம் உன்னைத் தொட்டிருக்க மாட்டாங்கடி. உனக்குப் பதினோரு வயசு.”

எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து இங்கே வருவதற்குள் அந்த ஒரு மணி நேரம் இதை என்னால் நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியவில்லை. இவள் முப்பது வருஷம் வைத்திருந்திருக்கிறாள். நாற்பது தாண்டிய வயதில், மூன்று பிள்ளை பெற்றபின், அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு எனக்கு முதலில் வந்தது பொறாமைதான்.

“இதுலயும் நீதானாக்கா?” என்று கேட்டே விட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வாயை மூடாமல் சிரித்தாள்.

“நீ திருந்தவே மாட்டே” என்றாள்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அப்பாவுக்காக அழுதோம்.